கூடக் கோல் வாங்காம வந்தாச் சரி



கொஞ்சம் நீளமான பதிவு. விளையாட்டு விடயம்தான், ஆனால் பாடசாலை விடயமும் இருக்கிறது. என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. நேரம் உள்ளவர்கள் கடைசிவரை வாசியுங்கள். வாசித்துவிட்டு ஏசுவதானாலும் ஏசுங்கள்.

நான் சொல்லப்போவது ஐஸ் ஹொக்கி பற்றி. சிரிக்க வேண்டாம். நமது ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவது, அல்லது பாடசாலை கேற்றடியில் பிள்ளைகள் வாங்கிச் சூப்புவது. அதன்மேல் சப்பாத்துப் போட்டு ஓடலாம் என்பதே நம்மில் பலருக்குப் படத்தில் பார்த்த சங்கதி. நானும் என் வாழ்நாளில் ஐஸ் தரையில் கால் வைத்தவன் இல்லை. ஆனாலும் போன வாரம் ஒரு பழைய ஐஸ் ஹொக்கிப் போட்டியின் வீடியோவைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கதிரையில் இருந்து துள்ளி எழும்பி இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். மனைவி எழும்பி வந்து, "என்ன, யாருக்கும் ஏதாவதா?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல, நம்மட ஆக்கள் வெண்டுட்டாங்க" என்றேன். "எந்த நம்மட ஆக்கள்?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தப் பதிவு.

முதலில், நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் காது கேளாத ஒரு மகன் இருக்கிறான். பெயர் வேண்டாம், ஊருக்குள் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாய் அசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வான், கணக்கில் நல்ல கெட்டிக்காரன். ஓ.எல். முடித்த பிறகு இவன் எங்கே போவது, இப்படியான பிள்ளைகள் உலகத்தில் எங்கே எப்படி உயர்கல்வி படிக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் உள்ள ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவகம் பற்றி அறிந்தேன். சுருக்கமாக ஆர்.ஐ.டி. என்பார்கள். அது ஒரு பெரிய பல்கலைக்கழகம். அதற்குள்ளேயே காது கேளாதோருக்கான தேசிய தொழில்நுட்ப நிறுவகமும் இருக்கிறது. 1968 முதல் அங்கே மாணவர்கள் படிக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காது கேளாத மாணவர்கள், காது கேட்கும் மாணவர்களோடு ஒரே வளாகத்தில் பொறியியலும் கணினியும் வடிவமைப்பும் படிக்கிறார்கள். வகுப்பறையில் விரிவுரையாளருக்குப் பக்கத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர் நிற்பார்.

இதை வாசித்துக்கொண்டு போகும்போதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹொக்கி அணி பற்றி ஒரு வரி கண்ணில் பட்டது. ஒரு வரி பத்து வரியானது. பிறகு வீடியோ. பிறகு நான் கதிரையில் இருந்து எழும்பியது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு பக்கம் ஆறு பேர், அதில் ஒருவர் கோல் காப்பாளர். பந்து கிடையாது. ஒரு அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல அகலமும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டு. அதற்குப் பக் என்று பெயர். இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதி. கால்களில் கத்தி மாதிரியான ஸ்கேட் சப்பாத்து. வேகம் என்றால் கண் பிந்தித்தான் போகும்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக ஹொக்கி ஒரு தனி உலகம். முதலாம் பிரிவில் உள்ள அணிகளில் 16 அணிகள் மட்டும் வருடக் கடைசியில் தேசியச் சுற்றுக்குத் தெரிவாகும். நான்கு நகரங்களில் நான்கு நான்காக மோதும். ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டும். நான்கு நகரங்களிலும் வென்ற நான்கு அணிகள் அரையிறுதிக்கு ஒரே இடத்தில் கூடும்.

அந்த நாட்களில் முதலாம் பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் 18 பேருக்கான முழுப் புலமைப்பரிசில்களை ஹொக்கிக்கென்று கொடுக்க முடிந்தது. அதாவது, நீ நன்றாக விளையாடு, உன் படிப்புச் செலவை நாங்கள் பார்க்கிறோம் என்று நாட்டின் சிறந்த பொடியன்களை அழைத்துக்கொள்ள முடிந்தது. ஆர்.ஐ.டி.யால் அந்த நாட்களில் அது முடியாது. அவர்களுடைய மற்ற விளையாட்டுக்களெல்லாம் மூன்றாம் பிரிவில் இருந்தன. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கான புலமைப்பரிசில் கிடையாது. ஹொக்கியை மட்டும் முதலாம் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள், ஆனால் அந்தக் கட்டுப்பாடும் கூடவே வந்தது. ஒரு புலமைப்பரிசில்கூட இல்லாமல், பதினெட்டு வைத்திருப்பவர்களோடு விளையாட வேண்டும். அவர்களுடைய பழைய ஐஸ் மைதானத்தில் இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருந்து பார்க்கலாம்.

2005இல் முதலாம் பிரிவுக்கு வந்தார்கள். அடுத்த வருடமே, 2006-07 பருவத்தில், தாங்கள் சேர்ந்த அட்லாண்டிக் ஹொக்கி குழுவில் முதலிடம் பிடித்தார்கள். ஆனால் புதிதாக வந்த அணி என்பதால் கிண்ணச் சுற்றில் விளையாட விதி அனுமதிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். முதலாவதாக வந்தும், கிண்ணத்துக்கான ஆட்டத்தை வெளியே இருந்து பார்க்க வேண்டும். நமது பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? இரண்டு வாரம் கோபப்பட்டு, மூன்றாம் வாரம் பயிற்சியை நிற்பாட்டியிருப்போம்.

அவர்கள் நிற்பாட்டவில்லை. 2010 மார்ச்சில் தமது குழுவின் கிண்ணத்தை வென்று முதல் தடவையாகத் தேசியச் சுற்றுக்குப் போனார்கள். ஆல்பனி என்ற நகரத்தில் போட்டி. ரொச்செஸ்டரில் இருந்து மூன்றரை, நான்கு மணித்தியாலப் பயணம். அங்கே இருந்த நான்கு அணிகளில் இவர்களுக்குக் கிடைத்தது நான்காவது இடம், அதாவது கடைசி. அதனால் முதல் ஆட்டமே முதலிடத்தில் இருந்த அணியோடு.

அந்த அணி டென்வர் பல்கலைக்கழகம். அதுவரை ஏழு தடவை தேசியச் சம்பியன். 2004இலும் 2005இலும் அடுத்தடுத்துக் கிண்ணம் தூக்கியவர்கள். அதாவது ஆர்.ஐ.டி. முதலாம் பிரிவுக்கு வருவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, டென்வர் தேசியக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

மார்ச் 26ஆம் திகதி நடந்த அந்த ஆட்டத்தில் ஆர்.ஐ.டி. 2-1 என்று வென்றது.

ஆர்.ஐ.டி.யின் கோல் காப்பாளர் பெயர் ஜாரெட் டிமிகேல். டென்வர் வீரர்கள் அடித்தவற்றில் 39ஐத் தடுத்தார். ஒன்று மட்டும்தான் உள்ளே போனது. வீடியோவில் நான் பார்த்ததெல்லாம் திரும்பத் திரும்ப அந்த ஒரு மனிதனைத்தான். விழுகிறார், எழும்புகிறார், காலை நீட்டுகிறார், பக் நெஞ்சில் படுகிறது, திரும்ப எழும்புகிறார். முடிவு எனக்கு முன்பே தெரியும். எத்தனையோ வருடத்துக்கு முன் முடிந்த ஆட்டம். ஆனாலும் கடைசி நிமிடங்களில் என் கை வேர்த்தது. ஒரு கோல் முன்னால் இருப்பவனுக்குக் கடிகாரம் எப்படி நகராது என்பது விளையாடினவனுக்கும், விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றவனுக்கும் தெரியும்.

அடுத்த நாள் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். முதல் நாள் வெற்றி தற்செயல் என்று நினைத்தவர்களுக்குப் பதில் கொடுப்பது மாதிரி 6-2. அத்தோடு தேசிய அரையிறுதி. அட்லாண்டிக் ஹொக்கி குழுவில் இருந்து அந்த இடத்துக்குப் போன முதல் அணி அவர்கள்தான். அந்த வருடம் நாட்டின் சிறந்த பல்கலைக்கழக ஹொக்கிப் பயிற்றுவிப்பாளர் விருதும் ஆர்.ஐ.டி.யின் வேய்ன் வில்சனுக்குக் கிடைத்தது.

இவ்வளவோடு கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஆசிரியன் என்ற முறையில் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் டெட்ரோய்ட் நகரத்தில், முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த ஒரு பெரிய அரங்கில், அரையிறுதியில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திடம் 8-1 என்று தோற்றார்கள். மொத்தமாக அடி. அந்த அரங்கில் இவர்களுக்கு அன்று எதுவும் சரிவரவில்லை.

அந்தத் தோல்வி எனக்கு இந்தக் கதையைக் குறைக்கவில்லை. கூட்டித்தான் விட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்படி ஒரு சின்ன அணி பெரிய அணியை வென்றால் உலகம் உடனே சொல்லும் வார்த்தை "அற்புதம்". நானும் முதல் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தக் குழுவின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினேன். அட்லாண்டிக் ஹொக்கி என்பது அந்த நாட்களில் முதலாம் பிரிவின் அடித்தட்டு என்று பார்க்கப்பட்ட குழு. அந்த அடித்தட்டில் இருந்து வந்தவர்கள் செய்ததைப் பாருங்கள்.

2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலி குரொஸ் என்ற சின்னக் கல்லூரி, இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் வடக்கு டகோட்டாவுக்குப் போய், ஐந்து தடவை தேசியச் சம்பியனான மின்னசோட்டாவை 4-3 என்று வென்றது. மேலதிக நேரம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் கோல். அந்த மைதானம் மின்னசோட்டாவின் பரம எதிரி அணியின் சொந்த மைதானம். அதனால் உள்ளூர்ச் சனம் முழுக்க, முன்பின் தெரியாத அந்தச் சின்னக் கல்லூரிக்குக் கத்தியது. 2009இல் விமானப்படை அகடமி, மிச்சிகனை 2-0 என்று வென்றது. 2010இல் நான் சொன்ன டென்வர் ஆட்டம். 2015இல் அதே ஆர்.ஐ.டி. மீண்டும் வந்து, அந்த வருடத்தின் 16 அணிகளில் முதலாம் இடத்தில் இருந்த மின்னசோட்டா ஸ்டேட்டை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2018இல் விமானப்படை அகடமி, 2019இல் அமெரிக்கன் இன்டர்நெஷனல் கல்லூரி. இந்த இரண்டும் சென். கிளவுட் ஸ்டேட் என்ற ஒரே அணியை, அது நாட்டின் முதலாம் இடத்தில் இருந்த இரண்டு வருடங்களில், அடுத்தடுத்து வென்றன.

ஆறு தடவை நடந்தால் அதற்கு அற்புதம் என்று பெயர் இல்லை. அதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

நான் விளங்கிக்கொண்ட காரணங்கள் மூன்று.

ஒன்று, விளையாட்டின் அமைப்பு. ஒரே ஒரு ஆட்டம். ஏழு ஆட்டம் விளையாடினால் டென்வர் நான்கைந்து வெல்லும். ஆனால் ஒரு மாலைப்பொழுதில், ஒரு நல்ல கோல் காப்பாளர் ஒருவர் மட்டும் நின்றுவிட்டால், பெரிய அணியின் திறமையெல்லாம் அவருடைய காலடியில் வந்து நின்றுவிடும். சின்ன அணிக்கு 18 நட்சத்திரங்கள் தேவையில்லை. அந்த மாலைக்கு ஒழுங்காக நிற்கும் ஒருவரும், அவருக்கு முன்னால் தங்கள் இடத்தை விட்டு அசையாத ஐந்து பேரும் போதும்.

இரண்டு, பொறுமை. வேய்ன் வில்சன் 1999இல் அங்கே பயிற்றுவிப்பாளர் ஆனவர். டென்வரை வெல்லும்போது அவருக்கு அங்கே பதினோராவது பருவம். இடையில் எத்தனை தோல்வி வந்திருக்கும்? எத்தனை பேர் "ஆளை மாத்துங்க" என்று சொல்லியிருப்பார்கள்? அந்த நிறுவகம் மாற்றவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பொடியன்கள் ஆல்பனிக்கு வெல்லத்தான் போனார்கள். பார்த்துவிட்டு வரப் போகவில்லை. படம் எடுத்துக்கொண்டு வரப் போகவில்லை. 39 தடவை விழுந்து எழும்புகிறவன், "நாங்க எப்படியும் தோக்கத்தானே போறம்" என்று நினைத்துக்கொண்டு விழ மாட்டான்.

இங்கேதான் என் பிழைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நமது பாடசாலையின் பதினாறு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்கு நான்தான் பொறுப்பாசிரியர். வலயத்தில் வென்று, மாகாண மட்டத்தில் முதல் ஆட்டம் நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றோடு. அவர்களுக்குப் புல் மைதானம், தனிப் பயிற்றுவிப்பாளர், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சோடி பூட்ஸ். நமக்கு மணல் மைதானம். மாரியில் அதுவும் தண்ணி. பூட்ஸ் பாதிப் பேருக்கு இரவல். ஒருவனுக்கு அவனுடைய மச்சானின் பூட்ஸ், ஒரு அளவு பெரிசு, முன்னால் துணி வைத்திருந்தான்.

சுபஹ் தொழுத கையோடு பஸ்ஸில் ஏறினோம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். மைதானம் கிட்டும்போது நான் எழும்பி நின்று பேசினேன். என்ன பேசினேன் என்பது ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "பெரிய ஸ்கூல் மனே. பயப்பட வாணாம். வெல்லணும் எண்டு ஒண்டுமில்ல. கூடக் கோல் வாங்காம வந்தாச் சரி" என்றேன்.

அவர்களுக்குப் பாரம் குறையட்டும் என்றுதான் சொன்னேன். நல்ல நோக்கம்தான். ஆனால் பஸ்ஸுக்குள் பாட்டு நின்றுவிட்டது. பின் சீற்றில் இருந்த ஒரு மகன், துணி வைத்த பூட்ஸ்காரன், மெதுவாகக் கேட்டான். "அப்ப நாம என்னத்துக்கு சேர் போறம்?"

பகிடி மாதிரிச் சிரித்துச் சமாளித்தேன். ஆட்டம் 3-0 என்று தோற்றோம். கூடக் கோல் வாங்கவில்லை. நான் கேட்டதைப் பிள்ளைகள் அப்படியே கொண்டுவந்து தந்தார்கள். முழு நேரமும் தங்கள் கோலடியிலேயே நின்றார்கள். நடுக் கோட்டைத் தாண்டினது நாலைந்து தடவை இருக்கும். திரும்பி வரும்போது, "பரவாயில்ல, நல்லா விளையாடினீங்க" என்று எல்லோருக்கும் பிளேன்டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். அந்த மகன் பணிஸை எடுக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பல வருடமாகப் பதில் தெரியவில்லை. போன வாரம் அந்த வீடியோவைப் பார்த்துத் துள்ளி எழும்பிய பிறகு, கதிரையில் திரும்ப உட்கார்ந்தபோது தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் தோற்கவில்லை. பஸ்ஸுக்குள் தோற்றார்கள். தோற்கடித்தது அந்த நகரத்துப் பாடசாலை இல்லை, நான்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனம் வைத்தால் எல்லாம் முடியும் என்ற மேடைப்பேச்சை நான் பேசவில்லை. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. டெட்ரோய்ட்டில் ஆர்.ஐ.டி. பிள்ளைகளும் வெல்லத்தான் போனார்கள், 8-1 என்று தோற்றார்கள். மனம் வைத்தும் தோற்கலாம். அன்று நமது பிள்ளைகள் தலை நிமிர்ந்து விளையாடியிருந்தாலும் தோற்றிருக்கலாம். 5-0 ஆகக்கூடப் போயிருக்கலாம். ஆனால் வெல்லப் போய் 8-1 தோற்பதும், தோற்கப் போய் 3-0 தோற்பதும் ஒன்றில்லை. முதலாவதில் பிள்ளை அடுத்த தடவைக்கு என்ன வேண்டும் என்று படித்துக்கொண்டு வருகிறது. இரண்டாவதில் தன் இடம் எது என்று படித்துக்கொண்டு வருகிறது. 2010இல் அந்த அடி வாங்கிய ஆர்.ஐ.டி.தான் 2015இல் திரும்பி வந்து முதலாம் இடத்து அணியை வென்றது. அதனால்தான் அந்தத் தோல்வி கதையைக் கூட்டுகிறது என்றேன். இடையில் 2014இல் பழைய மைதானத்தை விடப் பெரிய புதிய ஐஸ் அரங்கும் கட்டிவிட்டார்கள். ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் பழைய கதை பேசவில்லை.

வசதியில் உள்ள குறையை நான் மறைக்கவும் இல்லை. புல் மைதானமும் மணல் மைதானமும் ஒன்றில்லை. அந்தக் குறையைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களிடம் பேச வேண்டிய அந்தக் குறையை, விளையாடப் போகும் பிள்ளையின் காதில் பஸ்ஸுக்குள் வைத்து ஓதக்கூடாது. நான் செய்தது அதுதான்.

இது விளையாட்டோடு நிற்கிற விடயமும் இல்லை. வகுப்பறையிலும் நாம் இதைத்தான் செய்கிறோம். "மெட்ஸ் பாஸானாச் சரி" என்கிறோம். "ஏ.எல்.லுக்கு ஏதாவது ஒரு ஸ்ட்ரீம் கிடைச்சாச் சரி" என்கிறோம். பெண் பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிச் சொல்கிறோம். எல்லாம் நல்ல நோக்கத்தில். பிள்ளைக்கு ஏமாற்றம் வரக்கூடாது என்ற அன்பில். அந்த அன்பு பிள்ளையின் கூரையைத் தாழ்த்திக் கட்டிவிடுகிறது. பிறகு பிள்ளை நிமிர்ந்து நிற்கவில்லை என்று நாமே குறை சொல்கிறோம்.

சரி. பேசிக்கொண்டே இருந்தால் போதாது. ஊரவர்களிடம் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோருக்கு: ஓ.எல். வருடம் வந்தவுடன் பிள்ளையை மைதானத்தில் இருந்து இழுத்து டியூசனுக்குள் போடுகிறீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. நானும் ஒரு வாப்பாதான். ஆனால் டென்வரை வென்ற அந்தப் பொடியன்கள் விளையாட்டுக்கென்று ஒரு சதம் புலமைப்பரிசில் இல்லாமல் படித்தவர்கள். படிப்பையும் பார்த்து, விளையாட்டையும் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாருங்கள். அது மிஞ்சினால் நானே பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறேன்.

பழைய மாணவர்களுக்கு: வென்றால் மாலை போட வருகிறீர்கள், சந்தோசம். கிண்ணத்தோடு படம் எடுக்க வருகிறீர்கள், அதுவும் சந்தோசம். ஆனால் வெளியூரில் ஆட்டம் நடக்கும்போது கரையில் நிற்க ஆள் இல்லை. எதிர் அணிக்கு ஐந்நூறு பேர் கத்துவார்கள், நமது பிள்ளைகளுக்கு நானும் பஸ் சாரதியும் மட்டும். வடக்கு டகோட்டாவில் முன்பின் தெரியாத சனமே ஒரு சின்னக் கல்லூரிக்குக் கத்தியது. நமது பிள்ளைக்கு நாம் கத்தப் போகக்கூடாதா? ஒரு வேன் பிடித்தால் பதினைந்து பேர் வரலாம்.

நிர்வாகத்துக்கு: ஒரு தோல்விக்கு ஒரு பயிற்றுவிப்பாளரை மாற்றும் பழக்கத்தை விடுவோம். பதினோரு வருடம் கேட்கவில்லை. மூன்று வருடம் ஒருவரை நிம்மதியாக விட்டுப் பார்ப்போம்.

தோற்று வரும் பிள்ளைகளைச் சந்தியில் வைத்துப் பகிடி பண்ணும் தம்பிமாருக்கு: உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை நீங்களும் பஸ்ஸில் ஏறி வாருங்கள்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்தக் காது கேளாத மகன்.

அவன் நன்றாக ஓடுவான். இடது காலால் அடிப்பான். இந்த வருட அணியில் சேர அவனுக்கு ஆசை. அவனுடைய வாப்பா ஒரு நாள் பாடசாலைக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "சேர், இவன் விளையாட ஏலுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசில் கேக்காதே நானா. அடி கிடி பட்டுட்டா? பொடியனுகளோட சும்மா வந்து பாத்துக்கொண்டு இருக்கட்டும்" என்றேன். அதே பஸ், அதே பேச்சு. வருடங்கள் போயும் நான் மாறவில்லை.

போன வாரம் அந்த வீடியோவை அவனுக்குக் காட்டினேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவனைப் போல ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள் என்று எழுதிக் காட்டினேன். அமெரிக்காவில் காது கேளாதவர்கள் கைதட்டுவதில்லை, இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை அசைப்பார்கள் என்பதையும் எழுதிக் காட்டினேன். அவன் வீடியோவை மூன்று தடவை பார்த்தான். மூன்றாம் தடவை ஆட்டம் முடிந்ததும் இரண்டு கையையும் தூக்கி விரல்களை அசைத்தான். பிறகு என் கொப்பியை வாங்கி ஒரு கேள்வி எழுதினான்: "விசில் ஊதினால் மற்றவர்கள் கையைத் தூக்க முடியாதா?"

அவ்வளவுதான் விடயம். மற்றப் பத்துப் பேரும் கையைத் தூக்கினால் அவனுக்கு விளங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் இவ்வளவு நாள் போனது? ஏனென்றால் நான் யோசிக்கவே இல்லை. "முடியாது" என்று முதலிலேயே முடிவு எடுத்தவனுக்கு யோசிக்க வேலை இல்லை.

நேற்றுப் பின்னேரம் அணியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். ஒருவர் மிச்சமில்லாமல் சரி என்றார்கள். பயிற்சியில் விசில் ஊதினேன், எல்லாக் கையும் மேலே போனது, அவன் நின்றான். முதல் இரண்டு தடவை கொஞ்சம் பிந்தி நின்றான். பிறகு சரியாக வந்தது. போட்டிக்கு முன் நடுவரிடமும் பேசிக்கொள்வேன். அவனுடைய வாப்பாவிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

மனைவி கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. எங்கோ ஒரு ஐஸ் மைதானத்தில், என் மொழி பேசாத, என்னைத் தெரியாத பிள்ளைகள் வென்றதற்கு நான் ஏன் எழும்பி நின்றேன் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு யாரோ ஒருவர் பஸ்ஸுக்குள் வைத்துச் சரியான வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத வார்த்தை.

அடுத்த மாதம் வலயப் போட்டி. முதல் ஆட்டம் வெளியூரில், நம்மைவிடப் பெரிய பாடசாலையோடு. வெல்வோமா தோற்போமா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் எழும்பி நின்று என்ன சொல்வது என்பது மட்டும் தெரியும். "மனே, நாம வெல்லப் போறம்" என்பேன். அந்த மகனுக்கு விளங்க, அவனைப் பார்த்து வாயை ஆறுதலாக அசைத்து இன்னொரு தடவை சொல்வேன்.

வேன் பிடிக்க விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், மைதானக் கரையில் சந்திப்போம். விரல் அசைக்கவும் பழகிக்கொண்டு வாருங்கள்.